எட்டுப் பிளக்கும் எட்டு வயரும்

செப்டம்பர் 8, செவ்வாய்

பிக்கப் வண்டி இன்று பாதி மேட்டில் நின்றுவிட்டது. நகரத்துக்குப் போகிற சாலையில் அந்த நீண்ட மணல்மேடு. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க வண்டி இருமியது, உதறியது, இழுக்கவில்லை. பின்னால் நோரிஸின் மாட்டு லாரி வந்து ஹாரன் அடித்தது. பக்கத்துப் பண்ணைக்காரன்தான், ஆனாலும் எனக்கு அவமானமாக இருந்தது. எமில் என் பக்கத்தில் உட்கார்ந்து இடது கையால் டாஷ்போர்டைத் தட்டிக்கொண்டே இருந்தார். “பாலம்! பாலம்!”

மார்ச்சில் பக்கவாதம் வந்து வலது கை விழுந்ததிலிருந்து என் புருஷனிடம் மிஞ்சியிருக்கும் சொல் அது ஒன்றுதான். பசித்தாலும் பாலம், குளிர்ந்தாலும் பாலம். என்னைக் கூப்பிடுவதும் பாலம். ஏன் அந்தச் சொல் என்று யாருக்கும் தெரியவில்லை. இந்த மணல்காட்டில் பாலமே கிடையாது. கோபம் வந்தால் மட்டும் “எழவெடுத்தது” என்று பளிச்சென்று வரும். திட்டுவது மூளையில் வேறு இடத்திலிருந்து வருகிறதாம். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெய்ஜ் சொன்னாள்.

இன்று அந்தப் பயிற்சிக்குத்தான் போய்ச் சேரவில்லை. வண்டியைப் பின்னாலேயே உருட்டி இறக்கி, திருப்பிக்கொண்டு வந்தேன். போன் செய்தபோது பெய்ஜ் கொஞ்சம் தயங்கினாள். “வெர்லா, இன்னொரு தடவை வரலைன்னா உங்க நேரத்தை வேற ஒருத்தருக்குக் குடுத்துடுவாங்க. காத்திருக்கிறவங்க நிறைய. என் கையில இல்ல.”

யார் கையில் இருக்கிறதோ. கேட்டு என்ன ஆகப்போகிறது.

செப்டம்பர் 9

மழை. ஈரத்தில் வண்டி வீட்டு வாசலிலேயே மிஸ் அடிக்கிறது, இன்ஜின் விட்டு விட்டு ஓடுகிறது. மேடுகூட வேண்டாம் அதற்கு.

மாலையில் ஜானெல் ஃபீனிக்ஸிலிருந்து கூப்பிட்டாள். “அம்மா, அந்தத் தகர டப்பாவை நம்பி அப்பாவை ஏத்திட்டுப் போறீங்களா? நான் சொல்றதைக் கேளுங்க. பண்ணையை வித்துட்டு ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க.”

“அப்பா அங்க செத்துப்போவாரு.”

“அந்தப் பண்ணையில மட்டும் இப்ப என்னம்மா பண்றாரு?”

பெற்ற மகள். இப்படிக் கேட்க அவளுக்கு உரிமை உண்டு. போனை வைத்த பிறகு அரைமணி நேரம் பாத்திரமே கழுவவில்லை.

கார் போய்விட்டது. அதை ஓட்டிக்கொண்டிருந்தபோதுதான் எமிலுக்குப் பக்கவாதம் வந்தது. கார் பள்ளத்தில் கவிழ்ந்து நசுங்கியது, அவர் நசுங்கவில்லை. மிச்சம் இந்த எண்பத்தொன்பதாம் வருடத்துப் பிக்கப்தான். இருபது வருடமாக எமிலைத் தவிர யாரும் அதன் பானட்டைத் திறந்ததில்லை.

செப்டம்பர் 10

எங்கள் ஊரில் இருந்த மெக்கானிக் கடையை மூடிவிட்டுப் போய் ரொம்ப நாளாகிறது. மற்ற மெக்கானிக்குகள் எல்லாரும் மேட்டுக்கு அந்தப் பக்கம், நகரத்தில். பக்கத்து ஊரான கால்வெல்லுக்கு மட்டும் சமதரையில் போய்விடலாம். அங்கே லைலின் உதிரிபாகக் கடை இருக்கிறது. வண்டி எப்படி உதறுகிறது என்று போனில் அவனிடம் சொன்னேன்.

“மேட்டுல மிஸ் அடிக்குது, ஈரத்துல மிஸ் அடிக்குது... பிளக்கும் வயரும்தான் வெர்லாம்மா. கொட்டகைக்குள்ள விட்டுக் கதவைச் சாத்துங்க, ஸ்டார்ட் பண்ணி வயர் மேல லேசாத் தண்ணி தெளிங்க. நீலமாப் பொறி தெறிச்சா கரண்டு ஒழுகுதுன்னு அர்த்தம். ரொம்ப நேரம் உள்ள நிக்காதீங்க, புகை ஆளைக் கொன்னுடும்.”

“நீ வந்து பார்க்க முடியாதா?”

“கடையில நான் ஒருத்தன்தான்.”

தெளித்தேன். கொட்டகை இருட்டில் பொறி வயருக்கு வயர் ஓடியது. பார்க்க அழகாக இருந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். பிறகு கதவைத் திறந்துவிட்டு வெளியே நின்றேன். இப்போது என்ன கோளாறு என்று தெரிந்துவிட்டது. தெரிந்து?

செப்டம்பர் 11, வெள்ளி

நோரிஸ் தன் வண்டியில் எங்களை நகரத்துக்குக் கூட்டிப் போனான். “இன்னிக்கு சரி. அடுத்த வாரத்துலேருந்து கன்னுங்களைத் தாய்கிட்டேருந்து பிரிக்கணும், நகர முடியாது” என்றான். நியாயம்தான்.

பெய்ஜ் ஒரு கோப்பைப் படத்தைக் காட்டினாள். எமில் கண்ணை இறுக்கி, உதட்டைக் குவித்து, நெற்றி வியர்க்க முயன்றார். “கா... கா...” வந்தது. காபி என்று சொல்லப் பார்த்திருக்கிறார்! பெய்ஜ் கை தட்டினாள். நான் கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

செவ்வாய்க்குள் வண்டி ஓடியாக வேண்டும்.

செப்டம்பர் 12, சனி

லைல் கவுண்டரில் மூன்று பெட்டிகளை வரிசையாக வைத்தான். செம்பு, பிளாட்டினம், இரிடியம். பிளக்கில் இவ்வளவு சாதியா?

“இரிடியம் ஆயுசுக்கும் வரும்” என்றான்.

“யாரு ஆயுசுக்கு?”

சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மையாகத்தான் கேட்டேன்.

“விலை கூடினா நல்லதுன்னு சொல்லிட முடியாது. பழைய இன்ஜினுக்குச் செம்புதான் ஒத்துப்போகும்னு சில பேர் சொல்றாங்க. சில பேர் பிளாட்டினத்துக்கு மாறிட்டு நல்லா இழுக்குதுங்கறாங்க. எமில் என்ன போட்டு வச்சிருக்காரு? அவரைக் கேளுங்களேன்.” சொல்லி முடிப்பதற்குள் அவன் முகம் செத்துவிட்டது. “ஐயோ. மன்னிச்சுக்குங்க.”

“கேக்கிறேன் லைல். பதில்தான் வராது.”

வயரிலும் இரண்டு வகை. ஒன்று மெல்லியது, எல்லா வண்டிக்கும் பொதுவாகச் செய்தது. இன்னொன்று தடிமனானது, எங்கள் இன்ஜினுக்கென்றே அளவெடுத்து வெட்டியது. புகைக்குழாய் பக்கம் வரும் முனைகளில் ரப்பர் குல்லாய்க்கு மேல் தகர உறை. எல்லாவற்றையும் எடுத்துப் போகச் சொன்னான். வேண்டாததைத் திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்தால் போதுமாம். நல்லவன்.

செப்டம்பர் 13, ஞாயிறு

சர்ச் முடிந்து வந்து, மேசையில் மூன்று பெட்டிகளையும் எமில் முன்னால் வைத்தேன்.

“பிக்கப்புக்கு எமில். நீங்க எது போடுவீங்க? கையைக் காட்டுங்க, போதும்.”

அவர் முகத்தில் வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். மாதக்கணக்கில் யாரும் அவரிடம் எதையும் கேட்கவில்லை. இதை விழுங்குங்கள், காலைத் தூக்குங்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு பெட்டியாகத் தூக்கினார். மூக்கருகே கொண்டுபோனார். பிளாட்டினத்தைத் தட்டினார்.

“பாலம்.”

“இதுவா? நிச்சயமா?”

தலையை ஆட்டினார். சந்தேகம் வந்து பெட்டிகளை இடம் மாற்றி வைத்து மறுபடி கேட்டேன். இரிடியத்தைத் தட்டினார். மூன்றாவது தடவை மேசையில் இருந்த உப்பு டப்பாவைத் தட்டினார், அதே நிச்சயத்தோடு.

நான் ஏன் மறுபடி கேட்டேன்? முதல் தடவையோடு நிறுத்தியிருக்கலாமே. நிறுத்தியிருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க, பிளக் எதுவென்று சொன்னவர் அவர்தான் என்று இருந்திருக்கும். அவரும் என் முகத்தைப் பார்த்துவிட்டார். உப்பு டப்பாவைத் தள்ளிவிட்டு, “எழவெடுத்தது” என்றார், தெளிவாக.

இரவுச் சாப்பாட்டை அவர் தொடவில்லை. அவருக்குப் பிடித்த முட்டைக்கோஸ் வைத்த ரொட்டிதான் செய்திருந்தேன்.

செப்டம்பர் 14, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

காலையில் முதல் பிளக்கைக் கழற்றினேன். வெகுநேரம் மல்லுக்கட்டினேன். ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டியெல்லாம் தோல் போயிற்று. கழன்று வந்ததைத் துடைத்து, கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். சாதாரணச் செம்புதான். பீங்கான் வெளிறிய பழுப்பு நிறம். எண்ணெயும் இல்லை, கரியும் இல்லை. நுனி மட்டும் சப்பிப்போட்ட பென்சில் போல உருண்டு தேய்ந்திருந்தது, இடைவெளி அகண்டிருந்தது. ஆக இன்ஜின் ஆரோக்கியமாக இருக்கிறது; பிளக்தான் கிழடு. எமில் இருபது வருடமாகச் செம்பைத்தான் போட்டிருக்கிறார். வண்டியும் ஓடியிருக்கிறது. அவர் வாயால் சொல்ல முடியாததைக் கையால் செய்து வைத்திருந்தார். எட்டு இடத்திலும் செம்பையே போட்டேன்.

வயருக்குப் பழையதையும் புதியதையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் நீட்டிப் பார்த்தேன். பொது வயரில் ஒன்று எட்டவில்லை, இன்னொன்று புகைக்குழாய் மேல் போய்ப் படுக்கும் அளவுக்கு நீளம். தடிமனானதுதான். எமிலின் வயர்கள் ஒன்றோடொன்று உரசாமல் சின்னப் பிளாஸ்டிக் பிடிகளில் தனித்தனியாக ஓடின. ஒரு வயரைக் கழற்றினால் உடனே அதன் இடத்தில் புதியது. அப்படித்தான் செய்தேன், வரிசை மாறிவிடக் கூடாதே என்று. ரப்பர் குல்லாய்கள் வெந்து ஒட்டிக்கொண்டு பிய்ந்து பிய்ந்து வந்தன.

முடித்து ஸ்டார்ட் பண்ணினேன். பஞ்சு மாதிரி ஓடியது. எனக்கே நம்பிக்கை வரவில்லை. அணைத்துவிட்டு வீட்டுக்குள் ஓடி, “எமில்! வந்து கேளுங்க!” என்று கத்தினேன்.

ஏன் கத்தினேன். ஏன் கூப்பிட்டேன்.

ஊன்றுகோலை ஊன்றிக் கொட்டகை வரைக்கும் வந்தார். எவ்வளவு நேரம் ஆயிற்றோ. பானட்டுக்குள் குனிந்தார். புது வயர்களை இடது கையால் ஒவ்வொன்றாகத் தடவினார், கன்றுக்குட்டியைத் தடவுகிற மாதிரி. பின்பக்கத்து இரண்டு வயர்களிடம் வந்ததும் கை நின்றது. தலையை ஆட்டினார். “பாலம், பாலம்” என்றார், தப்பு, தப்பு என்கிற தொனியில். நான் தடுப்பதற்குள் இரண்டையும் பிடுங்கி மாற்றி மாட்டினார். ஒற்றைக் கையால், அவ்வளவு லாவகமாக. பிறகு என்னைப் பார்த்தார்.

அந்தப் பார்வையை என்னவென்று சொல்ல? பழைய எமில். என்னை வண்டியைத் தொட விடாமல் “நீ போய் வேலையைப் பாருடி” என்று சிரிக்கிற எமில்.

எனக்குத் தெரியும், நான் சரியாகத்தான் மாட்டியிருந்தேன். ஆனாலும், யார் கண்டது, அவருக்குத் தெரியாதா? கை மறக்காது என்று பெய்ஜே சொல்லியிருக்கிறாளே. சாவியைத் திருப்பினேன்.

வண்டி துள்ளியது. சைலன்சரில் துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். கொட்டகை முழுக்கக் கரும்புகை. உடனே அணைத்தேன்.

“நான்தான் வேற எதையோ தப்பா மாட்டியிருப்பேன்” என்றேன். “நான்தான் எமில். எனக்கு என்ன தெரியும்?”

அவர் ஏமாறவில்லை. பேச்சு போனதே தவிர அறிவு போகவில்லை. தன் கையைப் பார்த்தார், யாரோ பக்கத்தில் நிற்பவனின் கையைப் பார்ப்பது போல. பிறகு கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தார். நான் இரண்டு வயரையும் பழையபடி மாற்றும்வரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி ஸ்டார்ட் பண்ணினேன். பஞ்சு மாதிரி ஓடியது. அவர் நிமிரவில்லை.

“பாலம்” என்றுகூடச் சொல்லவில்லை.

செப்டம்பர் 15, செவ்வாய்

மேட்டில் வண்டி சும்மா ஏறியது. உச்சியில் நான் குழந்தை மாதிரி கூவினேன். எமில் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார்.

பயிற்சியில் கோப்பைப் படத்தைக் காட்டியபோது அவர் உதட்டைக் குவிக்கவில்லை. “களைப்பா இருக்காரு போல” என்றாள் பெய்ஜ்.

செப்டம்பர் 25

களைப்பு இல்லை. எனக்குத் தெரியும்.

அக்டோபர் 6, செவ்வாய்

இன்று பெய்ஜ் படம் போட்ட அட்டைகளை அவர் கையில் கொடுத்தாள். வாங்கி, அழகாக அடுக்கி, அவளிடமே திருப்பிக் கொடுத்தார். கோபமில்லை. கடையில் வேண்டாத சாமானைத் திருப்பிக் கொடுப்பதுபோல் ஒரு மரியாதை.

வெளியே தாழ்வாரத்தில் பெய்ஜ் என்னைக் கேட்டாள்: “வீட்டுல ஏதாவது நடந்ததா?”

“வண்டி ரிப்பேர் பண்ணினோம்” என்றேன்.

இதைக் கேட்டு யார் என்ன புரிந்துகொள்வார்கள்? வண்டி ரிப்பேர் பண்ணினோம், அதில் என் புருஷன் பேச முயல்வதை நிறுத்திவிட்டார். என்னாலேயே இதை ஒரே வாக்கியமாக நினைக்க முடியவில்லை.

அவரைக் கொட்டகையில் வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பாமல் இருந்திருக்கலாம். “அப்படியா, சரி” என்று சொல்லி உள்ளே கூட்டிப்போய், பிறகு தனியாக வந்து மாற்றியிருக்கலாம். ஐந்து நிமிட வேலை. ஆனால் அந்த நிமிடம் எனக்கும் அவர்மேல் நம்பிக்கை இருந்தது. அதுதான் கெடுத்தது.

அக்டோபர் 20, செவ்வாய்

பயிற்சியை நிறுத்திவிட்டார்கள்.

பெய்ஜ் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். “முன்னேற்றம் இல்லைன்னா தொடர முடியாது வெர்லா. அவர் மறுபடி ஆசைப்பட்டா கூப்பிடுங்க, நான் சண்டை போட்டாவது இடம் வாங்கறேன்.” நல்ல பெண். கண் கலங்கியிருந்தாள்.

எமிலிடம் சொன்னேன். தோளைக் குலுக்கினார். பிறகு என்னைத் தேற்றுவதுபோல் முழங்காலைத் தட்டிக்கொடுத்தார்.

அக்டோபர் 27, செவ்வாய்

பயிற்சி இல்லாத முதல் செவ்வாய். காலையில் வழக்கம்போல் அவருக்கு வெளியே போகும் சட்டையை மாட்டிவிட்டேன், கை தன்பாட்டுக்கு. பட்டன் போட்டு முடித்த பிறகுதான் நினைவு வந்தது. அவரும் சட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சரி போகலாம் என்று இரண்டு பேரும் பிக்கப்பில் ஏறிக்கொண்டோம். எங்கேயும் இல்லை, சும்மா.

ரேடியோவில் ஒரு போல்கா நடனப் பாட்டு வந்தது. எமில் பாடினார்.

பாடினார்! அவர் அம்மா வீட்டு செக் மொழியில், ஒரு சொல் விடாமல், தாளம் தப்பாமல். நான் சாலையோரம் நிறுத்திவிட்டேன். பாட்டு முடிந்ததும் அவரிடம், “எமில், இன்னொரு தடவை. எனக்காக” என்றேன். வாயைத் திறந்தார். திறந்தபடியே இருந்தார்.

“பாலம்?” என்றார் கடைசியில். மன்னிப்புக் கேட்கிற தொனி அது.

பெய்ஜைக் கூப்பிடவா? திட்டுவது மாதிரி பாட்டும் மூளையில் வேறு இடம் என்பாள். கூப்பிடவில்லை.

நவம்பர் 6

குளியலறையில் விழுந்துவிட்டார். என்னால் தூக்க முடியவில்லை. போர்வையைப் போர்த்தி, தலைக்குக் கீழே துண்டை மடித்து வைத்து, நோரிஸுக்குப் போன் செய்தேன். அவன் வரும்வரை நானும் தரையில் பக்கத்திலேயே படுத்திருந்தேன். எலும்பு முறியவில்லை.

நோரிஸ் போகும்போது வாசலில் தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றான். “வெர்லா, பனி விழ ஆரம்பிச்சா நான் உடனே வர முடியாம போகலாம். சொல்லணும்னு தோணிச்சு.”

நவம்பர் 12

மறுபடி. இந்தத் தடவை சமையலறையில்.

நவம்பர் 15, ஞாயிறு

ஜானெல் வந்திருக்கிறாள். விமான நிலையத்துக்குப் பிக்கப்பில் போய் அழைத்து வந்தேன். மேட்டில் வண்டி ஏறுவதைக் கவனித்தாள்.

“இது அப்பாவோட வண்டி மாதிரியே இல்லையே. யாரும்மா சரி பண்ணினது?”

“நான்தான்.”

“நீங்களா? பிளக்கா?”

“பிளக்கும் வயரும்.”

“அம்மா!” என்று என் தோளில் குத்தினாள். ஏழெட்டு மாதத்தில் அவள் என்னைப் பார்த்துச் சிரித்தது இதுதான் முதல் தடவை. அந்தச் சிரிப்புக்கு நானும் சிரித்துவைத்தேன்.

அப்பாவைத் தூக்கி உட்காரவைக்க நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் முடிந்தது. அவர் தூங்கிய பிறகு அவள் இந்த முறை ஃபீனிக்ஸ் பேச்சை எடுக்கவில்லை. நகரத்தில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இடம் இருக்கிறதாம், கேட்டு வைத்திருக்கிறாள். “உங்களால பக்கத்துல போய்ப் பார்த்துட்டு வர முடியும். வண்டிதான் நல்லா ஓடுதே.”

ஆமாம். வண்டி நன்றாக ஓடுகிறது.

நவம்பர் 26

நன்றி சொல்லும் திருநாள். வழக்கமான வான்கோழி வேண்டாமென்று கோழி பொரித்தேன். எமில் இரண்டு துண்டு சாப்பிட்டார்.

நவம்பர் 29

இல்லத்தைப் பற்றி எமிலிடம் சொல்லிவிட்டேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, எந்த இடம், எந்த நாள், நான் என்றைக்கெல்லாம் வருவேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அந்தச் சொல்லாவது தெளிவாக வருமே.

கேட்டு முடித்து, கூரையைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். என் கையை மட்டும் விடவில்லை.

டிசம்பர் 1, செவ்வாய்

காற்று கடுமையாக இருந்தது. சாலையில் பனித்தூள் பாம்பு போல நெளிந்து ஓடியது. மேட்டடியில் வந்ததும் நான் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் தளர்த்தினேன், வேண்டுமென்றேதான். ஒரு தடவை இருமினால் போதும், ஒரு தடவை உதறினால் போதும், திருப்பிவிடுவேன் என்று வைத்துக்கொண்டேன். இருமவில்லை. நானே பார்த்துப் பார்த்து மாட்டிய எட்டுப் பிளக்கும் எட்டு வயரும் ஒழுங்காக வேலை செய்தன.

இல்லத்தின் வாசலில் இரண்டு பெண்கள் சக்கர நாற்காலியோடு நின்றார்கள். எமிலை இறக்கி நிறுத்தினோம். நாற்காலியில் உட்காராமல், வண்டியைப் பிடித்துக்கொண்டே முன்பக்கம் வரைக்கும் நகர்ந்து வந்தார். இடது கையைப் பானட்டின் மேல் வைத்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே, காது கொடுத்துக் கேட்கிறவரைப் போலத் தலையைச் சாய்த்து நின்றார்.

“சார், உள்ள போலாமா? வெளியே குளிருது” என்றாள் ஒருத்தி.

“கொஞ்சம் நில்லும்மா” என்றேன்.

எமில் என்னைப் பார்த்தார். பானட்டை இரண்டு தடவை தட்டினார், பிறகு அதே விரலால் என் மார்பைத் தொட்டுக் காட்டினார். தலையை ஆட்டினார். நன்றாகச் செய்திருக்கிறாய் என்பதுதான் அது, வேறெதுவும் இல்லை.

பிறகு கையை அவரே எடுத்துக்கொண்டார்.